கண்ணுக்குப் பின்னால் சுவிட்ச் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் விஞ்ஞானப் பக்கத்தில் பார்வையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1959இல் ஹியூபல், வீசல் என்ற ஆய்வாளர்கள் பூனையின் மூளையில் கண்டதை, நிமிர்ந்த கோட்டுக்குத் துலங்க ஒரு நரம்புக்கலம், சரிந்த கோட்டுக்கு இன்னொரு கலம் என்று பிள்ளைகளுக்கும் விளங்க எழுதியிருந்தார்கள். நல்லது. ஆனால் சுவிட்சைப் போட்டால் பல்ப் எரிவதுபோல அந்தக் கலம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் துலங்கும் என்ற வரிதான் உறுத்தியது.

அப்படித் துலங்காது. அதே கோட்டை அதே இடத்தில் காட்டினாலும், ஒரு பேச்சுக்கு, முதல் தடவை 10 கணத்தாக்கம் (கலம் அனுப்பும் குறுகிய மின்துடிப்பு) வரும், அடுத்த தடவை 4, அப்புறம் 15. டோல்ஹர்ஸ்ட், மொவ்ஷன், டீன் மூவரும் பூனையிலும் குரங்கிலும் எண்ணிப் பார்த்து 1983இல் எழுதினார்கள். துலங்கலின் இடை (சராசரி) கூடக்கூட மாறற்றிறனும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) கூடியது. பொதுவாக இடையையும் தாண்டியது. உயர்தரத்தில் புள்ளிவிபரம் படித்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று தெரியும்.

சரி, பிழை கலத்திலா? 1995இல் மெய்னனும் செஜ்னோவ்ஸ்கியும் எலியின் மூளை மேற்பட்டைத் துண்டிலிருந்த கலங்களுக்கு நேரடியாக மின்னோட்டம் கொடுத்தார்கள். ஒரே சீரான மின்னோட்டத்துக்குக் கணத்தாக்கங்கள் போகப்போக நேரம் தவறின. ஏறி இறங்கும் மின்னோட்டத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோதோ, கிட்டத்தட்ட ஒரு மில்லிசெக்கனும் பிசகாமல் வந்தன. ஆக, ஆட்டத்தில் பெரும்பங்கு கலத்துக்கு வந்துசேரும் செய்தியில் இருக்கிறது. சுண்டெலி ஓடும்போது, அதே படத்துக்குத் துலங்கல் ஏறத்தாழ இரட்டிப்பாவதை நீலும் ஸ்ட்ரைக்கரும் 2010இல் காட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் எதுவும் மாறவில்லை, கால்தான் ஓடியது.

இவ்வளவும் எழுதக் காரணம் என் மருமகன். மாசியில் அறுவடைக்கு முன் யானைக் காவலுக்கு வயல் கொட்டிலில் படுத்திருந்தோம். விடியப்புறம் பனிப்புகாருக்குள் ஒரு கருமை. "மாமா, யானை!" என்றான். எனக்கு ஈச்சம் பற்றையாகத் தெரிந்தது. ரோச் அடித்துப் பார்த்தால் பற்றையேதான். அணைத்துக் கொஞ்ச நேரத்தில் எனக்கே அது காதை ஆட்டியது! ஒற்றைக் கலத்தின் ஆட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மூளை பல கலங்களைக் கூட்டித்தான் முடிவெடுக்கிறது. அவை தனித்தனியே ஆடினால் கூட்டலில் சமப்பட்டுவிடும். அக்கம்பக்கத்துக் கலங்கள் கொஞ்சம் சேர்ந்தே ஆடுவதால் முழுதாகச் சமப்படாது.

உங்கள் கட்டுரையைப் படித்த மருமகன், சுவிட்ச் ஒழுங்காக இருந்தால் பற்றை எப்படி யானையாகும் என்று கேட்டு, என்னைக் கண் கிளினிக்குக்குப் போகச் சொல்கிறான். அந்த ஒரு வரியையாவது திருத்திப் போடுங்கள். கிளினிக்குக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். இடக்கண்ணில் வெள்ளை படர்கிறது, அது வேறு கதை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
முத்தையன்கட்டு.