கோழிக்கறியும் ஹார்மோனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண் பிள்ளைகள் சின்ன வயதிலேயே வயதுக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், கறிக்கோழிக்குப் போடும் ஹார்மோன் ஊசிதான் காரணம் என்று இருந்தது. பல்லடம் பக்கம் பண்ணைகளுக்கு நடுவே குடியிருந்து, பள்ளியில் உயிரியல் நடத்துகிற எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போலவே குடலில் செரித்துவிடும். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதனால்தான். அப்புறம், ஒரு கொட்டகையில் 5,000 குஞ்சு விட்டால், ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட யாருக்குக் கட்டுப்படியாகும்? குஞ்சுகளுக்குக் கொடுப்பது வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்து. அதுவும் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிநீரிலோதான். சுமார் 40 நாளில் 2 கிலோ ஏறுவது, வேகமாக வளரும் கோழிகளையே பல தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கியதாலும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தாலும்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் புரதமல்ல, வேறு வகை. வாய் வழியாகவும் வேலை செய்யும். அமெரிக்காவில் 1950களில் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கோழியின் தோலுக்கடியில் வைத்தது உண்மை. 1959இல் அதை நிறுத்திவிட்டார்கள். கோழிப்பண்ணைகளைக் கேட்க வேண்டிய கேள்வி இன்று ஆன்டிபயாடிக் பற்றியது. வளர்ச்சிக்காகக் கொடுத்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மத்திய அரசு 2019இல்தான் தடை செய்தது.

பருவமடைதல் மூளையில் தொடங்குகிறது. மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்ட, அங்கே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. உடலில் கொழுப்பு கூடினால் லெப்டின் என்ற ஹார்மோனும் கூடும். போதிய சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்கு அது தெரிவிக்கும். உடல் பருமனான பெண் பிள்ளைகள் முன்னதாகப் பருவமடைவதற்கு இது ஒரு காரணம்.

என் கவலை இதுதான். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் குழந்தையை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். முன்னதாகவே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரம் மூடிவிடும். பிள்ளை உயரம் குறைந்தே நின்றுவிடலாம். அபூர்வமாக மூளைக்கட்டியும் காரணமாக இருக்கலாம். நேரத்தோடு போனால், தேவைப்படுகிற பிள்ளைகளுக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போட மருந்து இருக்கிறது. கோழியை நிறுத்திவிட்டோம், சரியாகிவிடும் என்று காத்திருக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் வாங்கிப் போட்டால் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
பல்லடம்.