டேங்கைக் கழற்றுவதற்கு முன்

பாலக்கோடு,
வியாழன் இரவு.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். சித்தப்பாவின் மாருதி 800 ராயக்கோட்டை மேட்டில் இரண்டு முறை நின்றுவிட்டதென்றும், பெட்ரோல் டேங்கை நீயே கழற்றித் துரு எடுக்கப்போகிறாய் என்றும் சித்தி மகன் வந்து சொன்னான். பெட்ரோலை இழுக்கும் பம்ப்புக்கு, அதன் உள்ளே இருக்கும் சவ்வான டயாஃப்ரம் எங்கே கிடைக்கும் என்று அவனைக் கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த என்னைக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. பொங்கலுக்குப் பிறகு நீ எங்களோடு பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எடுத்தவுடன் பம்ப்பை மாற்றிவிடாதே. மேடேறும்போது நின்றுபோய், பத்து நிமிடம் விட்டால் தானாகக் கிளம்புகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் டேங்கில்தான் இருக்கும். உறிஞ்சும் குழாயின் வாயில் துரு வந்து அடைத்துக்கொள்கிறது. இன்ஜின் நின்று இழுவை விட்டதும் அது மறுபடியும் அடியில் படிந்துவிடுகிறது. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே குறிதான். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பார். ‘உஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியை மாற்றினால் போதும், டேங்கைத் தொடவே வேண்டாம். அடுத்து ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார். பெட்ரோல் வாடை அடித்தால், டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். பம்ப்போடு ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை எடுக்காதே. இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது தண்ணீரை ஈர்க்கும், அந்தக் காலத்து ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். ஆகவே குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடு.

உன்னால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் என் சைக்கிளின் ஃப்ரீவீலைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒன்றுகூடக் குறையாமல் திரும்பக் கோத்தவள் நீ. அதைப் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். உன்னிடம் மட்டும் சொன்னதில்லை.

ஆனால் உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இந்த வேலையைச் செய்யாதே. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்துபோய்ப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வெட்டவெளியில், பகலில் செய். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்று. பிளாஸ்டிக் வாளியில் வடிக்காதே. இரும்பு டின்னைத் தரையில் வைத்து வடி. வடித்து முடித்ததும் டேங்க் காலி என்று எண்ணிவிடாதே. நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் நிற்கிற டேங்க்தான் ஆபத்து. பொத்தல் தெரிந்தால் வெல்டிங் வைக்கக் கொண்டுபோகாதே. வேறு டேங்க் வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகச் செய்யாதே. தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாப்பிள்ளை நிற்பார் என்று எழுத வந்தேன், எழுதவில்லை. யாராவது ஒருவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நிற்க வேண்டிய ஆள் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது சித்தப்பாவின் கைகளில் இருக்கிறது. அன்று அவன் பட்டறையில், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளத்துக்குள் இறங்கி அம்பாசிடரின் டேங்கை இறக்கிக்கொண்டிருந்தான். ஒயர் கட்டிய குண்டு பல்பைப் பிடித்துக்கொண்டு நான் மேலே நின்றிருந்தேன். பாக்கிக்காரர் ஒருவர் பணத்தோடு வந்து தெருவில் நின்று கூப்பிட்டார். பல்பை பம்பரில் மாட்டிவிட்டுப் போனேன். நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ‘குப்’பென்று சத்தம் கேட்டது. பல்பு நழுவி உள்ளே விழுந்து உடைந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பாட்டி கேட்டபோது, “பீடி பற்றவைத்துவிட்டான்” என்று சொன்னவன் நான். பட்டறைக்குள் அவன் ஒருநாளும் பீடியைத் தொட்டதில்லை. இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தவன் நான் சொன்னதைக் கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். இன்றுவரை யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. சித்தி இப்போதும் அந்தப் பீடியைச் சொல்லித்தான் அவனைத் திட்டுகிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விரல்கள் மடங்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல்தான் அவன் வண்டியை உனக்குக் கொடுத்தான். இதை இதுவரை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. நாளைக் காலையில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன்.

ஞாயிறன்று முதல் பேருந்தில் ஓசூர் வருகிறேன். அதுவரை டேங்கைக் கழற்றாதே. வேலையை நீயே செய். நான் குறுக்கே எதுவும் சொல்லமாட்டேன், வேறு எதையும் கேட்கவும் மாட்டேன். வேலை முடியும்வரை பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா