கெம்பின் சிவப்பைக் காட்டாத ஒளிப்பெட்டி: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்
கோயில் நகை இணைய விற்பனையாளர்,
வடசேரி, நாகர்கோவில்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ஒளிப்படக் கருவிகள் விற்பனை நிறுவனம்,
சென்னை.

நாள்: 13.10.2025

பொருள்: நகைகளைப் படமெடுப்பதற்கென்று தங்கள் இணையதளத்தில் வாங்கிய ஒளிப்பெட்டி, விளம்பரத்தில் சொல்லப்பட்ட தன்மைகளுடன் இல்லாமை, செலுத்திய தொகையைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது ஆர்டர், நாள் 04.08.2025. 2. எனது மின்னஞ்சல்கள், நாள் 14.08.2025 மற்றும் 29.08.2025. 3. தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பதில், நாள் 06.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோயில் நகைகளை, எங்கள் ஊர்ப் பட்டறைகளில் சொல்லிச் செய்வித்து, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்று வருகிறேன். வெள்ளியில் உருவம் செய்து, கெம்பு எனப்படும் சிவப்புக் கற்களைப் பதித்து, மேலே தங்க ரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டிச் செய்யப்படும் இந்த நகைகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் நடன ஆசிரியர்களும் ஆவர். திருச்சியில் இருப்பவரானாலும் டொராண்டோவில் இருப்பவரானாலும் அவர்களில் யாரும் நகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்குவதில்லை. நான் போடும் படத்தை நம்பித்தான் பணம் அனுப்புகிறார்கள். படத்தில் நிறம் பிசகினால் எனக்கு எவ்வளவு தொல்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொள்வதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த நான், மழை நாட்களில் வேலை நின்றுபோவதைத் தவிர்க்கவே உள்ளே விளக்குகள் பொருத்திய தங்கள் 40 செ.மீ. மடக்கு ஒளிப்பெட்டியை 6,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தங்கம், கல் நகைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்றும், விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் நிறக் காட்டல் குறியீடான சி.ஆர்.ஐ. 95க்கு மேல் என்றும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாலும் துடிப்பு (விளக்கு கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவது) இருக்காது, வீடியோவுக்கும் ஏற்றது என்றும், ஒளியைப் பரப்பும் துணி பெட்டியுடனேயே வரும் என்றும் தங்கள் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த நான்கு வாக்கியங்களையும் படித்துத்தான் வாங்கினேன். அந்தப் பக்கத்தின் திரைப்பிடிப்பை இணைத்துள்ளேன். பெட்டி 09.08.2025 அன்று வந்தது.

முதலில் படமெடுத்தது தலையின் பின்புறம் அணியும் வட்ட நகையான ஒரு ராக்கொடியை. நடுவில் ஒரு பெரிய கெம்பு, அதைச் சுற்றி இரண்டு வரிசை சிறு கெம்புகள், வெளி விளிம்பில் முத்து. கையில் வைத்துப் பார்த்தால் மாதுளை முத்தின் சிவப்பு. தங்கள் பெட்டிக்குள் வைத்து எடுத்த படத்திலோ நடுக்கல் காய்ந்த செங்கல் நிறத்திலும், சிறு கற்கள் ஏறத்தாழக் கறுத்தும் இருந்தன. தங்க ரேக்கு வெளுத்துப்போய்ப் பித்தளை போலத் தெரிந்தது. பிழை என் கைப்பேசியில்தான் இருக்கும் என்று எண்ணி மூன்று நாட்களை வீணாக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டையை வைத்து, வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் வெள்ளைச் சமநிலையைக் கையால் அமைத்தேன். தானியங்கி அழகூட்டல்கள் அனைத்தையும் அணைத்தேன். தங்கையின் கைப்பேசியையும் வாங்கி எடுத்துப் பார்த்தேன். மாற்றம் எதுவும் இல்லை. நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு, அதே ராக்கொடியை அதே சாம்பல் அட்டையுடன் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வெள்ளைத் துணியில் வைத்து, அதே அமைப்பு முறையில் எடுத்தபோது, கல்லின் சிவப்பு இருந்தபடியே படத்தில் வந்தது. இரண்டு படங்களையும் எந்தத் திருத்தமும் செய்யாமல் இணைத்துள்ளேன். இரண்டிலும் சாம்பல் அட்டை ஒரே சாம்பலாக இருப்பதையும், கல் மட்டும் வேறு வேறாக இருப்பதையும் அருள்கூர்ந்து கவனிக்கவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு வெறும் கண்ணால் பெட்டிக்குள் பார்த்தாலே கல் மங்கித்தான் தெரிகிறது. ராக்கொடியை ஜன்னலுக்கும் பெட்டிக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ப் பார்த்த என் மாமியார், "உள்ளே வச்சா கல்லு செத்துப் போகுது" என்றார். எனவே இதில் கேமராவின் மேல் பழிபோட இடமில்லை.

தங்கள் சேவைப் பிரிவினர் 06.09.2025 அன்று எழுதிய பதிலில், "வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, செயலியில் சிவப்பைக் கூட்டிக்கொள்ளவும்" என்று அறிவுரை கூறியுள்ளனர். இந்த அறிவுரை இரண்டு வகையில் தவறானது. வெள்ளைச் சமநிலை என்பது படம் முழுவதையும் ஒரு பக்கமாக நகர்த்துவது. ஒளியிலேயே இல்லாத ஆழ்ந்த சிவப்பை அதனால் வரவழைக்க முடியாது. சிவப்புக் கல் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. அதிலும் கெம்பில் விழும் ஒளி, அடியில் உள்ள பளபளப்பான தகட்டில் பட்டு மறுபடியும் கல்லைக் கடந்து வெளியே வருவதால், ஒரே கல்லை இரண்டு முறை கடக்கிறது. விழும் ஒளியில் சிவப்பு குறைந்தால் அந்தக் கல் கறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீல எல்.இ.டி. சில்லின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசி வெண்மையாக்கப்படும் மலிவான விளக்குகளில் குறைவாக இருப்பது இந்த ஆழ்ந்த சிவப்புதான்.

சி.ஆர்.ஐ. என்று பொதுவாக அச்சிடப்படும் எண், வெளிறிய எட்டு மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே என்பதையும், அடர்ந்த சிவப்பை அளக்கும் ஆர்9 என்னும் மதிப்பு அந்தச் சராசரியில் சேர்வதில்லை என்பதையும் ஒளிக்கருவி விற்கும் தாங்கள் அறியாதிருக்க முடியாது. சராசரி 80 உள்ள விளக்கில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டி இருப்பது வழக்கம்தான். ஆனால் சராசரி உண்மையிலேயே 95ஐத் தாண்டியிருந்தால் ஆர்9 இந்த அளவுக்குத் தாழ்ந்திருப்பது அரிது. ஆகவே தாங்கள் அச்சிட்டுள்ள 95 என்ற எண்ணையே நான் சந்தேகிக்கிறேன். ஆர்9 மதிப்பையும் சோதனை அறிக்கையையும் 14.08.2025 அன்றும் 29.08.2025 அன்றும் கேட்டு எழுதியிருந்தேன். தங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அறிவுரையின் இரண்டாவது தவறு எனக்கு இன்னும் முக்கியமானது. செயலியில் சிவப்பைக் கூட்டினால் கல்லோடு சேர்ந்து தங்கமும் செம்பு நிறத்துக்குப் போகிறது. கல்லை மட்டும் தனியாக வெட்டியெடுத்து நிறமேற்றலாம்தான். அப்படிச் செய்தால் நான் விற்பது நகையின் படமாக இராது, நான் தீட்டிய ஓவியமாகத்தான் இருக்கும். நடனத்துக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு முழுத் தொகுதியை ஒரே நேரத்தில் வாங்குவதில்லை. அக்காள் வைத்திருந்த தலைசாமானுக்கு ஏற்ற ஜிமிக்கி, தொலைந்துபோன சந்திரப்பிரபைக்கு மாற்று, தாயார் அணிந்த ஒட்டியாணத்தோடு சேரும் அட்டிகை என்று, ஏற்கெனவே கையில் இருக்கும் சிவப்போடு பொருந்தும் சிவப்பையே தேடுகிறார்கள். மேடை விளக்கில் ஒரு கல் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால் முன்வரிசையில் இருப்பவருக்கு அது உறுத்தும்.

துடிப்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வெளிச்சத்தை முழுமையாக வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பாதிக்குக் குறைத்து 1/500 நொடி வேகத்தில் எடுத்தால் வெள்ளைப் பின்னணி முழுவதும் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. ஜிமிக்கியை லேசாக ஆட்டி எடுத்த வீடியோவில் அந்தப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. கருவி எதுவும் இல்லாமலே இதைச் சோதிக்கலாம்: வெளிச்சத்தைக் குறைத்து, பெட்டிக்குள் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பென்சில் தொடர்ச்சியாக நகர்வதாகத் தோன்றாமல், விசிறிக் கம்புகள் போலத் தனித்தனியாகப் பல பென்சில்கள் தோன்றும். துடிப்பில்லாத விளக்கில் அப்படித் தெரியாது.

ஒளியைப் பரப்பும் துணி பெட்டியில் இல்லவே இல்லை. மெருகேற்றிய தங்க மணி ஒவ்வொன்றும் ஒரு குவிந்த கண்ணாடி என்பதால், எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரியும். மாங்காய் மாலையைப் படமெடுத்தபோது, ஒவ்வொரு குண்டுமணியிலும் எல்.இ.டி. புள்ளிகள் இரண்டு வரிசையாகக் கடுகு தெறித்ததுபோல் விழுந்திருந்தன. நடுவில் என் கைப்பேசியின் கறுப்பு நிழல் வேறு. என் கணவரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து விளக்குகளுக்குக் கீழே கட்டிய பிறகுதான் புள்ளிகள் மறைந்தன. 6,499 ரூபாய்ப் பொருளை வேட்டித் துணி காப்பாற்றியதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் சிவப்புக்கு வேட்டியிலும் மருந்தில்லை.

இந்தப் பெட்டியில் எடுத்த படங்களைப் பார்த்து ஆகஸ்டு மாதத்தில் வந்த விசாரிப்புகளில் பாதிப்பேர், "இது கவரிங் நகையா?" என்று கேட்டனர். டொராண்டோவில் உள்ள ஒரு தாய், தம் மகளின் பழைய தொகுதியில் கற்கள் பழுப்பேறிய சிவப்பாக இருப்பதாகவும், படத்தில் உள்ள ராக்கொடி அதற்குச் சரியாகப் பொருந்துவதாகவும் சொல்லி வாங்கினார். உண்மையில் நான் அனுப்பியது நல்ல மாதுளைச் சிவப்பு. அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாட்கள் முன்னால் நகை போய்ச் சேர்ந்தது. அவர்கள் வேறொருவரிடம் இரவல் வாங்கி அணிவித்தார்கள். அவர் என்மேல் கோபப்படவில்லை. "படத்துல பார்த்தது இது இல்லையே" என்று மட்டும் எழுதியிருந்தார். நகையின் விலையைத் திருப்பிக் கொடுத்ததோடு, போகவர ஆன கூரியர் கட்டணம் 4,760 ரூபாயையும் நானே ஏற்றேன். அதற்கான ரசீதுகளின் நகல்கள் இணைப்பில் உள்ளன. மேற்கொண்டு ஏமாற்றம் நேராதிருக்க, அந்தப் பெட்டியில் எடுத்த 31 படங்களையும் இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

இனி, தங்கள் நிறுவனம் நடந்துகொண்ட விதம். பொருள் வந்த ஐந்தாம் நாளே, அதாவது 14.08.2025 அன்றே, குறையை எழுத்தில் தெரிவித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பணம் தர இயலாது, மாற்றுப் பெட்டி அனுப்புகிறோம் என்றார்கள், அது 27.08.2025 அன்று வந்தது; அதிலும் அதே கறுத்த கல், அதே பட்டைகள். மறுபடி எழுதியதற்கு, திருப்பி அனுப்புவதற்கான பத்து நாள் கெடு 19.08.2025 அன்றே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மாற்றுப் பெட்டியைத் தாங்கள் அனுப்பும் முன்பே முடிந்துவிட்ட கெடுவுக்குள் நான் அதை எப்படித் திருப்பி அனுப்பியிருக்க முடியும் என்பதை விளக்கியிருக்கலாம்.

அதே பதிலில், நான் வியாபாரத்துக்காக வாங்கியிருப்பதால் நுகர்வோர் அல்ல என்றும் எழுதியுள்ளீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(7)க்கான விளக்கத்தைத் தங்கள் சட்டப் பிரிவு ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்: சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது. நான் ஒருத்தியே படமெடுத்து, ஒருத்தியே பொதிந்து, ஒருத்தியே அனுப்புகிறேன். என்னிடம் வேலைக்கு ஆள் இல்லை. மேலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்றும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 சொல்கின்றன. என் முதல் மின்னஞ்சலுக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை வரவில்லை; ஒரு மாதமும் கடந்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பெட்டியின் விலையான 6,499 ரூபாயையும், டொராண்டோ ஆர்டரில் எனக்கு ஏற்பட்ட கூரியர் செலவு 4,760 ரூபாயையும் சேர்த்து 11,259 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறும், இரண்டு பெட்டிகளையும் தங்கள் செலவிலேயே என் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மன உளைச்சலுக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை. சோதனை அறிக்கை இருந்தால் ஆர்9 மதிப்புடன் தங்கள் பக்கத்தில் வெளியிடவும். இல்லையென்றால் "95" என்ற எண்ணையும் "துடிப்பு இல்லை" என்ற சொற்களையும் அங்கிருந்து நீக்கவும். அடுத்த பெட்டியை வாங்குபவர் பவளமோ மாணிக்கமோ விற்பவராக இருக்கலாம்.

குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வதோடு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரச் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிப்பதால், எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுச் செய்வேன். ஐந்து லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. ராக்கொடியையும், அந்த இரண்டு பெட்டிகளையும், ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோயில் நகை விற்பனையாளர்,
வடசேரி, நாகர்கோவில்.