கசற்றில் கேட்கும் சைக்கிள்

யாழ்ப்பாணம்,
ஐப்பசி 10

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. உடனே பதில் எழுதத்தான் இருந்தேன். மழை தொடங்கிவிட்டது, கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருந்தது, பிறகு அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இப்போது பரவாயில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு கிணற்றடி வரை போய் வருகிறா. உன் மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்று சொன்னேன். "அவன்ரை பிள்ளையோ?" என்று இரண்டு தரம் கேட்டா.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: பழைய கசற்றுகளைக் கணினியில் ஏற்றுகிறாயாமே, எந்த மென்பொருள், எவ்வளவு காசு? காசு ஒரு சதமும் இல்லை. மென்பொருளின் பெயர்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கசற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

ஐயாவின் றங்குப் பெட்டியில் 41 கசற்றுகள் இருந்தன. பாதிக்குப் பூஞ்சணம். அவற்றில் ஒன்றில் ஐயாவின் கையெழுத்து: "புராணப் படிப்பு, 93." உன் அப்பா பாட்டை வாசிக்க, ஐயா பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்கிறார். நாங்கள் இருவரும் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு. 90இல் போன கரண்ட் திரும்பி வரவில்லை, பற்றரியும் கிடையாது. கோயில் மடத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றெக்கோடரை ஓட்டினோமே, அந்த இரவுதான் இது.

முதல்தரம் போட்டுக் கேட்டபோது மனம் உடைந்துவிட்டது. உன் அப்பாவின் அந்தக் கனத்த குரல் சின்னப் பெடியனின் குரல் போல மெலிந்து, அவசரப்பட்டு ஓடியது. நாடா கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. டைனமோ தந்த மின்சாரம் போதாமல் அன்றைக்கு மோட்டர் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த நாடா இன்றைக்குச் சரியான வேகத்தில், செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர், ஓடும்போது குரல் விரைந்து மேலே ஏறிவிடுகிறது. நாடாவில் ஒரு குறையும் இல்லை.

சரி, எவ்வளவு மெதுவாக்குவது? காதுக்குச் சரியாகப் படும்வரை என்றால், முப்பது வருடத்துக்கு முந்திய குரலை எந்தக் காது ஞாபகம் வைத்திருக்கும்? அப்போதுதான் கோயில் காண்டாமணி நினைவுக்கு வந்தது. படிப்புக்கு முதல் பூசை மணி நாடாவில் தெளிவாகக் கேட்கிறது. 95 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டு நடந்தோம், திரும்பி வந்தபோது கூரையில்லை, மணி இருந்தது. இன்றைக்கும் அதே மணிதான். பின்னேரப் பூசைக்குப் போய் போனில் பதிந்து வந்தேன். ஓடாசிற்றி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது, ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும். மணியின் ஒலி ஊசிபோலக் கூராக நிற்கும், ஆகவே பிழை விடுவது கடினம். இன்றைய மணி 412 ஹேட்ஸ். கசற்றில் அதே மணி 446. ஒன்றை மற்றதால் பிரித்தால் வேகத்தை நூற்றுக்கு ஏழரைக்குச் சற்றுக் கூடக் குறைக்க வேண்டும் என்று வந்தது. குறைத்தேன். உன் அப்பா வந்து முன்னால் இருந்தார், மச்சான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டா.

இதை நீயே செய்வதானால் ஒன்றைக் கவனி. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளை ஒன்று, சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் கட்டளை வேறொன்று. உனக்கு வேண்டியது முதலாவது.

ஆனால் அத்தோடு முடியவில்லை. மணி அடித்த இடத்தில் சரியாக இருக்கும் சுருதி போகப்போக மெல்ல ஏறுகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சடாரென்று இறங்குகிறது. பிறகு திரும்பவும் ஏறுகிறது. ஏன் என்று யோசித்து யோசித்து, ஒரு இரவு கெட்போனைப் போட்டுக்கொண்டு படிப்புக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று கவனித்தேன். "கிர்ர்ர்" என்று ஒரு சத்தம். டயரில் டைனமோ உரசுகிற சத்தம். அது தளரும் இடங்களில்தான் சுருதி ஏறுகிறது. மிதித்தது நீ. நீ களைக்கக் களைக்க மோட்டர் மெதுவாகியிருக்கிறது, உன் அப்பாவின் குரல் மேலே போயிருக்கிறது. சடாரென்று இறங்கும் இடத்தில் நான் உன்னிடமிருந்து பெடலை வாங்கியிருக்கிறேன்.

இதற்கு முதல் நான் ஒரு பிழை செய்திருந்தேன். இரைச்சலைக் குறைக்கும் வசதியும் ஓடாசிற்றியில் உண்டு. யாரும் பேசாத இரண்டு செக்கனைத் தெரிவு செய்து "இதுதான் இரைச்சல்" என்று காட்ட வேண்டும், பிறகு முழுப் பதிவிலும் அதைக் கழித்துவிடும். நல்ல வேலைதான். நான் ஆசையில் மூன்று தரம் அடுத்தடுத்துக் கழித்தேன். நாடாவின் "ஸ்ஸ்" போனது. கூடவே சைக்கிள் போனது, வடலி ஓலைச் சரசரப்புப் போனது, மடத்துத் தூணோரம் இருந்தவர்களின் "அரோகரா" தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. மூலத்தை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினேன். இப்போது ஒரு தரம், மிகக் குறைவாக மட்டும் கழிக்கிறேன். இந்தக் கசற்றில் அதுவும் இல்லை. உன் சைக்கிள் சத்தம் இருக்கட்டும்.

ஏறி இறங்கும் சுருதிக்கு "ரைம் ட்ராக்" என்று ஒன்று உண்டு. பதிவுக்கு மேலே ஒரு கோடு வரும், அதை வேண்டிய இடத்தில் உயர்த்தித் தாழ்த்தினால் வேகம் படிப்படியாக மாறும். நான்கு இரவு அதோடு இருந்தேன். மணி உதவாத இடங்களில் ஐயாவின் குரல்தான் அளவு. அவர் பயன் சொல்லும் நிதானம் எனக்குத் தெரியும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஓடாசிற்றி 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரொஜர் டனன்பேர்க்கும் தொடங்கியது, அடுத்த ஆண்டே எல்லோருக்கும் வெளியிட்டார்கள். கட்டற்ற மென்பொருள், அதன் மூல நிரல் யாருக்கும் திறந்திருக்கும். 2021இல் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது பலர் பயந்தார்கள். ஆனால் உரிமம் இன்னமும் கட்டற்ற உரிமம்தான், பிடிக்காதவர்கள் நிரலை எடுத்துத் தனியாக நடத்தத் தொடங்கினார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். முன்பு மாதக் கட்டணம் கட்டி ஒரு மென்பொருளில் வேலை செய்தேன். கட்டணத்தை நிறுத்தியதும் என் வேலைகளை நானே திறக்க முடியவில்லை. ஐயாவின் குரலை அப்படி ஒரு பூட்டுக்குள் வைக்க எனக்கு மனமில்லை.

பதிவை ஃபிளாக் வடிவில் வைக்கிறேன். அதுவும் கட்டற்றது, 2001இலிருந்து இருக்கிறது, ஒலியில் எதையும் தூக்கி எறியாமல் அளவை மட்டும் சுருக்கும். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கம், அரை மணி நேரம், 300 எம்.பி. பிடிக்கும். எம்.பி.3 எல்லோருக்கும் அனுப்புவதற்கு மட்டும். திருத்தாத பதிவு ஒன்று, திருத்தியது ஒன்று, இரண்டும் தனித்தனிக் கோப்புறையில். கேட்பதற்கு வி.எல்.சி. பாரிஸில் மாணவர்கள் தொடங்கியது, போனிலும் ஓடும், எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பாடும். அம்மாவே போட்டுக் கேட்கிறா.

பெயர் எழுதுகிற வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "ட்ராக் 01" என்று கிடக்கும் ஒரு கோப்பை இன்னும் இருபது வருடத்தில் யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? கிட்3 என்று ஒரு சின்ன மென்பொருள் இதற்குப் போதும். யார் குரல், எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் பதிந்தது என்று கோப்புக்குள்ளேயே எழுதிவிடலாம். எம்.பி.3இன் பழைய முறையில் தலைப்புக்கு 30 எழுத்துக்குத்தான் இடம், அதுவும் ஆங்கில எழுத்துக்கு. தமிழை எழுதினால் கேள்விக்குறிகளாக வரும். புதிய முறையையும் யுனிகோட்டையும் தெரிவு செய். ஃபிளாக்கில் இந்தத் தொல்லையே இல்லை. உன்னிடம் பாமினியில் பெயர் எழுதிய பழைய பாட்டுகள் இருக்கும், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை குப்பையாகத்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிவிடு. பாட்டின் ஒலியைக் கேட்டே பெயரைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் அதில் நல்லது. ஆனால் அது வெளிவந்த இசைத்தட்டுகளுக்கு. உன் அப்பாவை அதற்குத் தெரியாது. நாங்கள்தான் எழுத வேண்டும்.

எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முதல் பிளேயரின் ஹெட்டை, நாடா உரசிப் போகும் அந்த முனையை, அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடை. பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், ஹெட்டின் சரிவு அதில்தான். கசற் ஓடும்போது மெல்லத் திருப்பினால் மூடிக்கிடந்த குரல் திடீரென்று திறக்கும். அதைப் பதிந்த பிறகு எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது. மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளை மைக்குக்கு, கசற்றுக்கு ஒத்துவராது. சின்ன யு.எஸ்.பி. ஒலி இணைப்பு ஒன்று வாங்கு. சத்தம் மிகக் கூடினாலும் -6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்.

உன்னிடம் இருக்கும் கசற்றுப் பையை நீ பதியாவிட்டால் தைமாதம் வரும்போது கொண்டு வா. கைப்பையில் வை. விமான நிலைய எக்ஸ்றே கசற்றைக் கெடுக்காது, காந்தத்துக்கு மட்டும் பக்கத்தில் வைக்காதே. பதிந்து முடித்ததும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உன் அப்பாவின் குரல் என்பதால் நீயும் உன் அக்காவும்தான் சொல்ல வேண்டும்.

புராணப் படிப்பை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், திருத்தியதும் திருத்தாததும். இரண்டாம் பக்கம், பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு பெண் குரல் "பெடியனுக்குத் தேத்தண்ணி குடுங்கோ, களைச்சுப் போனான்" என்கிறது. அது தன் குரல் இல்லை என்கிறா அம்மா. உன் அம்மம்மாவோ? கேட்டுவிட்டு எழுது, அந்தப் பெயரையும் கோப்பில் போட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்