திரைக் கிழிசலுக்குத் தாமதம் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பைதான் நிரல்மொழியில் கணினி விளையாட்டு எழுதத் தொடங்குவோருக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நகரும் படம் குறுக்கே கிழிந்தாற்போல் தெரிந்தால், நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சிக்குள் சில மில்லிவினாடி தாமதம் சேர்த்துச் சரிசெய்யலாம் என்று அதில் இருந்தது. வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைகேம் (பைதானில் விளையாட்டு எழுத உதவும் நிரல் தொகுப்பு) சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், இந்த ஓர் அறிவுரையை மட்டும் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

என் மாணவி ஒருத்தி இடமிருந்து வலமாக ஓடும் ரயில் ஒன்றை வரைந்திருந்தாள். லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியில் அதை ஓட்டினால், பெட்டிகளின் கீழ்ப்பாதி முன்னே போக, மேல்பாதி 8 பிக்சல் பின்தங்கியது. தன் கணக்கில்தான் பிழை என்று எண்ணி, இரண்டு வாரம் எண்களை மாற்றி மாற்றி எழுதினாள். அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலோ ரயில் முழுதாகவே இருந்தது. அதுதான் முதல் தடயம்: ஸ்கிரீன்ஷாட் நினைவகத்தில் இருக்கும் படத்தை எடுக்கிறது, கிழிசலோ அந்தப் படம் மானிட்டருக்குப் போகும் வழியில் நேர்கிறது. 8 பிக்சல் என்பதும் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது அடுத்தடுத்து வரையும் ஒவ்வொரு படத்துக்கும், அந்த ரயில் நகரும் தூரமேதான்.

சாதாரண மானிட்டர் வினாடிக்கு 60 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 16.67 மில்லிவினாடியில், மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையைப் புதுப்பிக்கிறது. அது பாதித் திரையைக் கடந்திருக்கும்போது நம் நிரல் அடுத்த படத்தை மாற்றி வைத்தால், மேலே பழைய படமும் கீழே புதிய படமும் தெரியும். ஒரு படம் திரையில் இருக்கும்போதே அடுத்ததை மறைவில் வரைந்து வைக்கும் இரட்டை பஃபர் வைத்திருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். அரைகுறையாக வரைந்த படம் வெளியே தெரிந்து மினுக்குவதை அது தடுக்கும். ஆனால் இரண்டு பஃபர்களையும் மாற்றுவது ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நடந்தால்தான் கிழிசல் போகும்.

தாமதம் சேர்ப்பது அந்த நேரத்தைப் பிடித்துத் தராது. ஃபிரேம்களுக்கு இடையே தாமதம் தரும் பைகேமின் கடிகாரத்திடம் வினாடிக்கு 60 ஃபிரேம் என்று கேட்டால், 1000-ஐ 60-ஆல் வகுத்துப் பின்னத்தை விட்டுவிட்டு 16 மில்லிவினாடி என்று எடுத்துக்கொள்வதால், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 62.5 ஃபிரேம் ஆகிவிடுகிறது. ஆகவே கிழிந்த கோடு வினாடிக்கு இரண்டரை முறை திரையின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். தாமதத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கோடு இடம் மாறுமே தவிர மறையாது. சில சமயம் அது திரையின் ஓரத்தில் போய் ஒதுங்கிவிடுவதால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். நானும் அப்படி நம்பியவன்தான்.

செய்ய வேண்டியது, மானிட்டரின் சுற்று முடியும்வரை காத்திருந்து படத்தை மாற்றும் வி-சிங்க் என்ற வசதியைக் கேட்பது. பைகேம் 2.0 முதல், திரையை உருவாக்கும் வரியிலேயே வி-சிங்க் மதிப்பை 1 என்று கொடுக்கலாம். ஸ்கேல்டு அல்லது ஓப்பன்ஜிஎல் என்ற ஃபிளாக் (திரை எவ்வகை என்று அதே வரியில் சொல்லும் குறி) கூடவே இல்லாவிட்டால் அது எடுபடாது. கொடுத்தாலும் அது வேண்டுகோள்தான், உத்தரவாதம் இல்லை. கிடைத்ததா என்று பார்க்க, கடிகார வரியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு ஒரு வினாடியில் ஓடும் ஃபிரேம் எண்ணிக்கையை அச்சிட வேண்டும்: 60-ஐ ஒட்டி நின்றால் கிடைத்திருக்கிறது, பல நூறுக்குத் தாவினால் கிடைக்கவில்லை. அத்துடன் திரையின் முழு உயரத்துக்கும் ஒரு வெள்ளைப் பட்டையை வேகமாகப் பக்கவாட்டில் ஓடவிட்டால், கிழிசல் எங்கிருந்தாலும் கண்ணுக்குத் தப்பாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வி-சிங்க்கை மட்டும் நம்பி ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று நகர்த்தினால், வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் (144 ஹெர்ட்ஸ்) மானிட்டரில் அதே ரயில் 2.4 மடங்கு வேகத்தில் பாயும். முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கி நகர்த்தும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே ஊட்டிவிட வேண்டும்.

கட்டுரையில் வந்த நிரலை, தாமத வரியை எடுத்துவிட்டு இந்த இரண்டு மாற்றங்களோடு அடுத்த இதழில் மறுபடி அச்சிட்டால், தங்கள் இதழைப் பார்த்துத் தட்டச்சு செய்து பழகும் பிள்ளைகள் இல்லாத பிழையைத் தங்கள் கணக்கில் தேடி அலைய மாட்டார்கள்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சி ஆசிரியர் ஒருவர்