இரண்டு ஸ்பீக்கர் போதும் எங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் ஊர் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். கோயில் கொடை விழாக் கச்சேரிக்குத் தெரு முழுக்கக் கட்டிய ஒலிபெருக்கிகளால், பரீட்சைக்குப் படிக்கும் அவருடைய பேத்தி இரண்டு இரவு தூங்கவில்லை என்று எழுதியிருந்தார். 'இந்தக் கச்சேரிகளுக்கு ஊருக்குள் அனுமதியே கொடுக்கக் கூடாது' என்று முடித்திருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கடைசி வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட மேடைகளில் ஏறி வாசிப்பவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு வயது 24. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. மாலையில் பேஸ் கிட்டார். ஐந்து பேர் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு இசைக்குழு நடத்துகிறோம். நானும் கீபோர்டு அண்ணனும் சர்ச் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டவர்கள். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வேஷம் கட்டிப் போகும் குழுக்களோடு அடித்துப் பழகியவன். பாடுகிறவன் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்; இன்னொரு கிட்டாரையும் அவன்தான் வாசிப்பான். மற்றொருவன் படித்துக்கொண்டிருக்கிறான், ரிதம் பேட் அவன் பொறுப்பு.

இதுவரை நாற்பது மேடைகளாவது ஏறியிருப்போம். சர்ச் அசனம் (ஊர் விருந்து), பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று எல்லாமே சின்ன மேடைகள். போகிற இடமெல்லாம் என்னைப் பார்த்து 'நீங்கதான் பாடுவீங்களா?' என்று கேட்பார்கள். பெண் பிள்ளை மேடை ஏறினால் பாடத்தான் வருவாள் என்ற நினைப்பு. வாசித்து முடித்ததும் சிறுமிகள் ஓடிவந்து கம்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில் கொட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு 6,000 ரூபாய் பேசினால் சாமான் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டிக்கு 1,500, டிரம் செட் வாடகை 1,000, சாப்பாடு டீக்கு 500 போய்விடும். மீதி 3,000-ஐ ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 600. எங்கள் ஊர் உப்புக் காற்றில் கிட்டார் கம்பி சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும், ஜாக் பின் பச்சை பூக்கும். அந்த 600 கம்பிக்கே போதாது. சில இடங்களில் அதுவும் கிடையாது. பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, 'அடுத்த வருஷம் சேர்த்துப் பார்த்துக்கலாம் தம்பி' என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பதினொரு பொன்னாடைகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று, கிட்டார் சத்தத்தைக் கூட்டும் எங்கள் ஆம்ப் மூழ்கியபோது, அதைச் சரிசெய்ய ஆறு மாதம் சேமிக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வருடம் ஒரு கிராமத்து மேடையில் லைட்டுக்கு ஜெனரேட்டர், மைக்செட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர், எங்கள் ஆம்புக்கு வேறொரு பக்கமிருந்து இன்னொரு வயர். கிட்டார் கம்பி ஆம்ப் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக், மிக்ஸர் வழியாக வேறு லைனில் இருக்கும். இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் நேரத்தில் நம் உடம்பு வழியாகக் கரண்ட் பாயலாம். அன்றைக்கு முதல் பாட்டின் முதல் வரியிலேயே எங்கள் பாடகன் பின்னால் தூக்கி எறியப்பட்டான். நல்லவேளை, உதடு வீங்கியதோடு போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த அவன் அம்மா அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. இப்போது நாங்கள் எங்கே போனாலும் கையில் கரண்ட் டெஸ்டர் கொண்டுபோகிறோம். மைக் தலையில் வைத்துப் பார்த்து, விளக்கு எரியவில்லை என்றால்தான் பாடுவது. மைக்குக்குப் பஞ்சு உறையும் போட்டிருக்கிறோம்.

அப்புறம் நேரம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நல்ல விதி, நாங்களும் அதை மதிக்கிறோம். ஆனால் எங்களை 7 மணிக்கு வரச் சொல்வார்கள். வரவேற்புரை, பரிசளிப்பு, நன்கொடையாளர் பெயர் வாசிப்பு எல்லாம் முடிய 9.35 ஆகிவிடும். சவுண்டு சரிபார்க்க நேரமே இருக்காது. கிடைத்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்று மைக்செட் அண்ணன் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிடுவார். அந்த வாசகரின் பேத்தியைத் தூங்கவிடாத சத்தம் இப்படியும் பிறக்கிறது. மேடையில் நிற்கும் எங்களுக்கு நாங்கள் வாசிப்பதே கேட்காது.

நான் இதை எழுத உண்மையான காரணம் வேறு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாக, சொந்த வரிகளில். அதைப் போனில் பார்த்த ராத்திரிதான் நம் ஊரைப் பற்றி நாமே பாட்டு எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது எங்களிடம் ஏழு சொந்தப் பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் வாசிக்க இடமில்லை. கல்யாணத்தில் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள், அது அவர்கள் வீட்டு விசேஷம், சரிதான். ஒரு காபி கடையில் கேட்டோம்; சொந்தப் பாட்டு வேண்டாம், ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார்கள்.

ஒரே ஒரு அசனத்தில் மட்டும், சாப்பாடு முடிந்து மழைத் தூறலில் கூட்டம் கலைந்த பிறகு, மிச்சமிருந்த நாற்பது பேருக்கு எங்கள் உப்பளப் பாட்டை வாசித்தோம். 'உச்சி வெயிலில் உப்பு அள்ள' என்று அதில் ஒரு வரி. முடிந்ததும் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி, மைக்கெல்லாம் தேவையில்லாத தூரத்தில் இருந்து, 'உச்சி வெயில்ல எவ அள்ளுவா? இருட்டோட போயி, வெயில் ஏறுமுன்ன முடிக்கணும்லா' என்றார். வாருபலகையை எப்படிப் பிடிப்பது என்று கையை நீட்டி இழுத்துக் காட்டினார். அந்த வரியை மாற்றினோம். அவர் கை இழுத்த வேகத்துக்குத் தாளத்தையும் மெதுவாக்கினோம். இப்போது அந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் அது எங்கள் ஊர்ப் பாட்டு என்கிறார்கள். பெரிய மேடையில், தடுப்புக்கு அப்பால், ஆயிரம் பேரில் ஒருவராக அந்த ஆச்சி இருந்திருந்தால் அந்தப் பாட்டு தப்பாகவே இருந்திருக்கும்.

சென்னையில் 2007-இல் சென்னை சங்கமம் கலை விழா தொடங்கியபோது கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரிலும் ரோச் பூங்கா இருக்கிறது, முத்துநகர் கடற்கரை இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை 6 முதல் 8 வரை, ஏதாவது ஒரு பூங்காவை உள்ளூர்க் குழுக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு மட்டும் வேண்டாம். வில்லுப்பாட்டுப் பிள்ளைகள், பறைக் குழுவினர், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் முறை வைத்து வரட்டும். மேடை, பந்தல், லைட் எதுவும் கேட்கவில்லை. எர்த் உள்ள ஒரு பிளக் பாயிண்டும், யாரிடம் மனுக் கொடுப்பது என்று எழுதி ஒட்டிய ஒரு தாளும் போதும். எங்களிடம் சின்ன ஸ்பீக்கர் இரண்டு இருக்கின்றன. நூறு பேருக்கு அது தாராளம்.

அந்த வாசகர் பேத்தியோடு வந்தால் முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறோம். சத்தம் கூடுதலாக இருந்தால் அவர் கையைக் காட்டட்டும், உடனே குறைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு வாசகி,
தூத்துக்குடி.