ஸ்டேட்மென்ட்டுக்கும் ஒரு கெடு உண்டு

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள கண்ணம்மா,

சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் உன் 401கே கணக்கின் ஜூன் காலாண்டு ஸ்டேட்மென்ட் இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும் என்று போனில் சொன்னாய். ஆகஸ்ட் முடியப் போகிறது. ஓய்வூதியக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தவள் நான். என்னால் அதை அப்படியே விட முடியவில்லை.

எதில் முதலீடு என்பதை நீயே தேர்ந்தெடுக்கும் கணக்கு உன்னுடையது. அப்படிப்பட்ட கணக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் தந்தே ஆக வேண்டும். 2006-இல் வந்த ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி இது. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கொடுத்தால் சரி என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை அதே வருஷம் வழிகாட்டியது. அதாவது மே 15, ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14. உன் ஜூன் கணக்குக்குக் கெடு தாண்டிவிட்டது.

முதலில் திட்டத்தின் இணையதளத்தில் லாகின் செய்து பார். எப்போதும் பார்க்கும்படி அங்கே வைத்து, அதை உனக்குத் தெரிவித்தும் இருந்தால், கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அங்கேயும் இல்லையென்றால் உன் கம்பெனியின் எச்ஆருக்கு, அதாவது மனிதவளப் பிரிவுக்கு, மின்னஞ்சல் போடு. வாயால் கேட்காதே, எழுதிக் கேள். ஸ்டேட்மென்ட் தராத திட்ட நிர்வாகிக்கு நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் போட முடியும். அப்போது உன் கையில் தேதியோடு எழுத்து இருக்க வேண்டும்.

வந்ததும் உன் சம்பளச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார். ஏப்ரல், மே, ஜூன் என்று ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்த தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா, எந்தத் தேதியில் ஏறியது என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போ. பிடித்த பணத்தைக் கம்பெனியின் பணத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் பிரித்து உன் கணக்கில் போட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும்; எப்படியும் அடுத்த மாதத்தின் 15-ஆவது வேலை நாளைத் தாண்டக் கூடாது. பணமுடை வரும்போது சில முதலாளிகள் அதில் கை வைத்துவிடுகிறார்கள். ஸ்டேட்மென்ட் அடிக்கடி தாமதமாவது அதற்கு ஓர் எச்சரிக்கை அடையாளம் என்று தொழிலாளர் துறையே சொல்கிறது. உன் கம்பெனி அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் உழைப்பின் பணம், நீதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் 'வெஸ்டட்' என்று ஒரு தொகை போட்டிருக்கும். கம்பெனி தன் பங்காகப் போட்ட பணத்தில் உனக்கே சொந்தமாகிவிட்டது எவ்வளவு என்பது அதில் தெரியும். சில திட்டங்களில் மூன்று வருஷம் வேலை முடிந்தால்தான் அந்தப் பணம் உனக்குச் சொந்தமாகும். வேலை மாறலாமா என்று யோசிக்கிறாய் அல்லவா, அதைப் பார்க்காமல் ராஜினாமா கொடுக்காதே.

ஒரே கம்பெனியின் பங்கில் 20 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆபத்து என்ற குறிப்பும் அதில் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடாதே. 2001-இல் என்ரான் என்ற பெரிய எரிசக்திக் கம்பெனி விழுந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்களின் 401கே பணத்தில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனியின் பங்கிலேயே இருந்தது. வேலையும் போய், வயதான காலத்துக்குச் சேர்த்ததும் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அப்பாவுடையது பழைய மாதிரி பென்ஷன். அதற்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் தந்தால் போதும். இல்லையென்றால், கேட்டால் தருவோம் என்று வருஷா வருஷம் ஓர் அறிவிப்பு. அப்பாவுக்கு அந்த அறிவிப்புதான் வருகிறது. நான் விடாமல் எழுதிக் கேட்டு வாங்கி ஃபைலில் வைக்கிறேன்.

எச்ஆர் மழுப்பினால் தொழிலாளர் துறையில் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களைக் கண்காணிக்கும் இபிஎஸ்ஏ பிரிவுக்குப் போன் செய். அவர்கள் இலவசமாகவே விசாரித்துச் சொல்வார்கள். இந்த வாரமே மின்னஞ்சலை அனுப்பி, எனக்கும் ஒரு நகல் போடு.

அன்புடன்,
அம்மா